வொரண்டி இருக்கும் காரை நம்மூர் கராஜில் விடலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆசிரியர். போன வருடம் கொழும்பில் ஏஜென்டிடம் ஒரு சின்னக் காரை பிராண்ட் நியூவாக எடுத்திருக்கிறார். வொரண்டி 3 வருடம் அல்லது 100,000 கி.மீ. தினமும் பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் படிப்பிக்கப் போகிறார். அடுத்த சேவிஸ் வந்துவிட்டது. மச்சான் முறையான ஒருவர் ஊரிலேயே கராஜ் வைத்திருக்கிறார். "ஏஜென்ட் காசு பிடுங்குவான், என்னட்டக் கொண்டு வா, பாதிக் காசுக்குச் செய்து தாறன்" என்கிறாராம். அங்கே விட்டால் வொரண்டி போய்விடுமா? முன் சில்லுப் பக்கம் கிரவல் ரோட்டில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, அதை யாரிடம் காட்டுவது? அக்கரைப்பற்றில் இருக்கும் அக்காவின் ரெக்கண்டிஷன் வாகன் ஆரையும் ஏஜென்டிடம்தான் கொண்டுபோக வேண்டுமா?

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வொரண்டி இருக்கும்வரை கிலோமீட்டர் கணக்குப்படி வரும் சேவிஸை ஏஜென்டிடமோ, அவர் அங்கீகரித்த சேவிஸ் நிலையத்திலோ செய்யுங்கள். டயர், பற்றரி, பிரேக் பேட், வைப்பர், பல்ப் போன்ற தேய்கிற சாமான்களை மச்சானிடம் செய்யலாம். அக்காவின் வாகன் ஆருக்கு ஏஜென்ட் கட்டாயமில்லை, அதற்கு வேறு கவனம் வேண்டும்.

ஏஜென்டின் மெக்கானிக் உங்கள் மச்சானைவிடக் கெட்டிக்காரர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் கொழும்பில் ஒரு ஏஜென்ட் வேர்க்ஷொப்பில் சேவிஸ் அட்வைசராக இருந்தவன். அங்கே ஒயில் மாற்றுவது பெரும்பாலும் பயிலுநர் பொடியன்கள்தான். ஊரில் 20 வருடமாக எஞ்சின் இறக்கி ஏற்றும் ஒருவருடைய கை அவர்களுடையதைவிடத் திறமானதாக இருக்கலாம். ஆனால் வொரண்டி கேட்டுப் போகும் நாளில் கைத்திறனை யாரும் பார்ப்பதில்லை, கடதாசியைத்தான் பார்ப்பார்கள். ஏஜென்டிடம் செய்த சேவிஸ் அவர்களுடைய கம்பியூட்டரிலேயே கிடக்கிறது. வெளியே செய்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் "எங்கே சேவிஸ் செய்தாலும் வொரண்டி போகாது, அது சட்டம்" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் நாட்டில் அது சரி. அமெரிக்காவில் 1975இல் வந்த மக்னசன்-மொஸ் வொரண்டிச் சட்டம், இலவசமாகத் தந்தால் தவிர, குறிப்பிட்ட பிராண்டின் சாமானையோ சேவையையோ பாவித்தால்தான் வொரண்டி செல்லும் என்று கொம்பனி நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. வெளியே செய்த வேலையால்தான் பழுது வந்தது என்று கொம்பனி காட்டினால் மட்டுமே மறுக்கலாம். இந்தியாவில் 2014 ஓகஸ்ட்டில் போட்டி ஆணையம் 14 கார்க் கொம்பனிகளுக்கு 2,544 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஸ்பெயார் பார்ட்ஸையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிக் கராஜ்களுக்குக் கிடைக்காமல் செய்தார்கள், வெளியே திருத்தினால் வொரண்டி இல்லை என்றார்கள் என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. கொம்பனிகள் மேன்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை.

நம் நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. நமக்கு முக்கியமாக இருப்பது இரண்டு. ஒன்று 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். விற்கும் பொருள் விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்கிற பொதுவான பாதுகாப்பு அதில் இருக்கிறது. மற்றது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். வொரண்டிக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம் என்று அது சொல்கிறது. ஒயில் யார் மாற்றலாம் என்று இரண்டும் பேசவில்லை. ஆகவே நீங்கள் கையெழுத்து வைத்த அந்த வொரண்டிப் புத்தகத்தில் "அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சேவிஸ் செய்ய வேண்டும்" என்று இருந்தால், அதுதான் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். வழக்குப் போட்டு வெல்லலாம் என்று ஒரு சட்டத்தரணி சொல்லக்கூடும். ஆனால் எஞ்சின் இறங்கிய காரை முற்றத்தில் வைத்துக்கொண்டு எத்தனை வருடம் நீதிமன்றத்துக்கு அலைவது?

இந்தப் புத்தகத்தைப் பெரும்பாலானோர் டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டதோடு சரி. ஒரு இரவு உட்கார்ந்து வாசியுங்கள். "3 வருடம் அல்லது 100,000 கி.மீ." என்றால் எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிற உங்களுக்கு வருடம்தான் முந்தும். வாடகைக்கு ஓடினால் சில கொம்பனிகள் காலத்தைக் குறைக்கும், சில அடியோடு மறுக்கும். பின்னேரங்களில் ஹயருக்குக் கொடுக்கும் யோசனை இருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசிக்கவும். தேய்கிற சாமான்கள் எதற்கும் வொரண்டி இல்லை. கிளச் பிளேட்டும் அதில் சேர்த்தி, இதில்தான் சண்டை அதிகம். சேவிஸ் கிலோமீட்டர் கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்று ஒரு சலுகையும் வழமையாக அதில் எழுதியிருக்கும். பள்ளிக்கூட விடுமுறைக்குத் தள்ளிப்போட உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதை அந்த வரிதான் சொல்லும்.

வெள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் போகிற பாதை அப்படி. கார்த்திகை, மார்கழியில் வெல்லாவெளி – மண்டூர் வீதியில் தண்ணீர் ஏறுவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளத்தில் போன எஞ்சினுக்கு எந்தக் கொம்பனியும் வொரண்டி தருவதில்லை. அது காப்புறுதியின் வேலை. அதிலும் இயற்கை அனர்த்தம் உங்கள் பத்திரத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், மழை தொடங்கிய பிறகு பார்ப்பதில் பிரயோசனமில்லை. நடப்பது இதுதான்: காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது வழியில்லாமல் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். கார் தண்ணீரில் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பலருக்கு முதல் நிற்பில் எஞ்சின் தப்பியிருக்கும்; "ஒருக்கா அடிச்சுப் பாப்பம்" என்று சாவியைத் திருப்பிய அந்த இரண்டாவது தரம்தான் ரொட் வளையும். தள்ளிக் கரையேற்றிவிட்டு டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. நிறம் மாறவில்லை என்பதற்காக ஸ்டார்ட் பண்ணிவிடவும் வேண்டாம். சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் ஒயிலில் தெரியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் எதுவும். முதலில் கூப்பிட வேண்டியது காப்புறுதிக் கொம்பனியை. அவர்கள் வந்து படம் எடுக்கும்வரை மச்சான்கூடக் கை வைக்க வேண்டாம்.

இப்போது உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில், ஒரு வொரண்டிக் கோரிக்கை எப்படி முடிவாகிறது என்று சொல்கிறேன்.

கார் வந்ததும் அட்வைசர் ஜொப் கார்ட் திறப்பார். நீங்கள் வாயால் சொல்வதை அவர் ஒரு வரியில் எழுதுவார். அந்த வரி முக்கியம். "சத்தம் வருகிறது" என்று எழுதினால் டெக்னீஷியன் கொழும்புத் தார் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்து "சத்தம் இல்லை" என்று எழுதிவிடுவார், கதை முடிந்தது. "கிரவல் ரோட்டில், 20 – 30 கி.மீ. வேகத்தில், இடது முன் சில்லுப் பக்கம், காலையில் கூட" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். போனில் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரு பழுது இருக்கிறது என்று முடிவானால் டெக்னீஷியன் படம் எடுப்பார், கம்பியூட்டரில் பதிவான பழுதுக் குறியீட்டை, அதாவது 'கோட்'டை, எடுப்பார், கழற்றிய சாமானில் ஒரு அட்டை கட்டி வைப்பார். கொம்பனி கேட்டால் அந்தப் பழைய சாமானை அனுப்ப வேண்டும். காசு கடைசியில் தயாரிப்பாளரிடமிருந்துதான் ஏஜென்டுக்கு வருகிறது. தயாரிப்பாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் ஏஜென்ட் தன் கைக்காசைப் போட வேண்டும். ஆகவே அட்வைசர் முகம் கொடுக்காமல் பேசுகிறார் என்றால் பாதி நேரம் அதற்குக் காரணம் உங்கள் மேலுள்ள கோபமல்ல, மேலே அவர் நிரப்ப வேண்டிய படிவம்தான்.

இதில் நம்மூரில் அடிக்கடி நடக்கும் ஒரு கூத்து இருக்கிறது. மீற்றரில் எஞ்சின் லைட் எரியும். பக்கத்துக் கராஜில் ஸ்கேனரைக் கொழுவி, கோட்டை வாசித்து, "சின்னப் பிரச்சினைதான்" என்று அழித்துவிடுவார்கள். லைட் அணைந்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கோட் விழுந்த அந்த நொடியில் எஞ்சின் சூடு எவ்வளவு, சுற்று எவ்வளவு, என்ன வேகம், எவ்வளவு பாரம் என்று கம்பியூட்டர் ஒரு பதிவை எடுத்து வைத்திருக்கும். கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். பற்றரியைக் கழற்றிப் பூட்டினாலும் பல கார்களில் அதே கதிதான். பிறகு ஏஜென்டிடம் போனால் அவர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. வொரண்டி உள்ள காரில் லைட் எரிந்தால் மச்சான் வாசித்துப் பார்க்கட்டும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அழிக்க மட்டும் விடாதீர்கள்.

உங்கள் 'டக் டக்' சத்தம் அநேகமாக சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க் என்ற இணைப்புக் கம்பி அல்லது புஷ் என்ற இறப்பர் உறையாக இருக்கும். எழுத்தை வைத்து நிச்சயம் சொல்ல முடியாது, ஆனால் கிரவலில் மட்டும் கேட்டு, கார்பெட் ரோட்டில் மறைகிறது என்றால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். மச்சானிடம் ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்க்கச் சொல்லலாம், அதில் தப்பில்லை. கழற்ற வேண்டாம். ஏஜென்ட் "இது நோர்மல்" என்று சொன்னால், அந்த நோர்மலையே ஜொப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வொரண்டிக் காலத்துக்குள் சொன்ன குறை, பதிவில் இருக்கிறது. மூன்றாவது வருடம் முடிந்து இரண்டு மாதத்தில் அதே இடம் கழன்றால் அந்தத் தாளை வைத்துப் பேசலாம். தாள் இல்லாமல் பேசினால் "அப்போதே சொல்லியிருக்கலாமே" என்பார்கள்.

தூரம் ஒரு நியாயமான பிரச்சினை, மறுக்கவில்லை. ஒரு ஒயில் மாற்றத்துக்குக் கொழும்புவரை 300 கி.மீ.க்கு மேல் ஓடுவது பைத்தியக்காரத்தனம். ஆனால் போக முன் ஏஜென்டின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு போன் அடியுங்கள். கிழக்கில் அவர்களுக்குக் கிளையோ அங்கீகரித்த கராஜோ இருக்கிறதா, நடமாடும் சேவிஸ் எப்போதாவது இந்தப் பக்கம் வருகிறதா என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால், "உங்கள் ஒயில், உங்கள் பில்டர் வாங்கி, ஊர்க் கராஜில் மாற்றி, பில் வைத்திருந்தால் ஏற்பீர்களா?" என்று ஈமெயிலில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். போனில் "ஓம், பிரச்சினையில்லை சேர்" என்று சொன்னவர் அடுத்த வருடம் வேறு கொம்பனியில் இருப்பார். ஈமெயிலில் சரி என்று வந்தால் அதைப் பிரிண்ட் எடுத்து சேவிஸ் புத்தகத்துக்குள் வையுங்கள். அதன்பிறகு மச்சானிடம் தாராளமாக விடலாம். மச்சான் என்றாலும் பில் வேண்டும்: திகதி, வாகன இலக்கம், மீற்றரில் உள்ள கி.மீ., ஒயிலின் பெயரும் தரமும், பில்டரின் பார்ட் நம்பர். "நமக்குள்ள என்ன பில்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே புத்தகத்தை நீட்டுங்கள். சட்டப்படியும் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஏஜென்ட் பில் ஏன் கூட என்பதற்கு மச்சான் சொல்லும் காரணம் முழுக்கச் சரியில்லை. 2024 தொடக்கம் பெறுமதி சேர் வரி 18 வீதம், அது ஏஜென்டின் கூலிக்கும் சாமானுக்கும் சேர்ந்து விழுகிறது. சின்னக் கராஜ்கள் அந்த வரிப் பதிவுக்குள்ளேயே வருவதில்லை. மற்றது, ஏஜென்டிடம் கூலி மணிக்கணக்குப்படி. இன்ன வேலைக்கு இத்தனை மணி என்று கொம்பனிப் பட்டியலே இருக்கிறது, பொடியன் அரை மணியில் முடித்தாலும் பட்டியலில் உள்ள நேரத்துக்குத்தான் காசு. இவை இரண்டும் உங்கள் கையில் இல்லை.

கையில் இருப்பது பில்லின் கீழ்ப்பாதி. எஞ்சின் பிளஷ், இன்ஜெக்டர் கிளீனர், ஏசி கிருமி நீக்கம், த்ரொட்டில் பொடி கிளீனிங், கண்ணாடிப் பூச்சு. ஒரு வருடக் காருக்கு இதில் ஒன்றும் தேவையில்லை. சேவிஸ் புத்தகத்தின் அட்டவணையைத் திறந்து காட்டி, "இதில் உள்ளதை மட்டும் செய்யுங்கள்" என்று சொல்லலாம், வொரண்டிக்கு ஒரு குறையும் வராது. அட்வைசர்களுக்கு இந்த மேலதிக ஐட்டங்களை விற்க மாதாந்த இலக்கு இருப்பது ஒன்றும் இரகசியமில்லை, எனக்கும் இருந்தது.

அட்டவணையில் உள்ளதைவிடக் கூடுதலாக உங்களுக்குத் தேவைப்படுவது ஒன்றுதான்: ஏர் பில்டர். படுவான்கரைக் கிரவல் தூசியும், சூடடிப்புக் காலத்தில் பறக்கும் பதரும் தும்பும் அதைச் சீக்கிரம் அடைத்துவிடும். சேவிஸ் புத்தகத்திலேயே "கடினமான பாவனை" என்று ஒரு பகுதி இருக்கும். தூசி ரோட்டு, அடிக்கடி சின்ன ஓட்டம், பாரம் ஏற்றுதல் எல்லாம் அதில் வரும், அங்கே இடைவெளி குறைவாக எழுதியிருக்கும். நம் ஆட்கள் நல்ல ரோட்டுக்கான கணக்கைப் பார்த்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். ஏர் பில்டரைத் திறந்து தட்டுவதற்கு ஏஜென்ட் தேவையில்லை, வீட்டிலேயே செய்யலாம். ரேடியேட்டர் முன்பக்கம் தும்பு ஒட்டியிருந்தால் மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷர் வேண்டாம், அதன் தகடுகள் மடங்கிவிடும்.

சரி, அக்காவின் வாகன் ஆர்.

நம்மூரில் ஓடும் கார்களில் பெரும்பகுதி இந்த வகைதான். ஜப்பானில் ஓடி, ஏலத்தில் எடுத்து, கார் சேல் வழியாக வந்தவை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அக்காவின் காரும் அப்படித்தான் என்றால் அதற்குத் தயாரிப்பாளர் வொரண்டி என்று ஒன்று இல்லவே இல்லை. ஜப்பானில் புதுக் காருக்குப் பொதுவாக 3 வருடம் அல்லது 60,000 கி.மீ., எஞ்சின், கியர்பொக்ஸ் போன்ற முக்கிய பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 100,000 கி.மீ. கொடுப்பார்கள். அது ஜப்பானுக்குள் மட்டும். கப்பலேறியதும் முடிந்தது. கார் சேல்காரர் தரும் "6 மாத வொரண்டி" அவருடைய சொந்த வாக்கு, அதில் என்ன அடங்கும் என்று எழுதி வாங்கியிருந்தால் பெறுமதி, இல்லையென்றால் வெறும் பேச்சு.

ஆகவே அக்கா ஏஜென்டிடம் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எந்தக் கராஜ் என்பதுதான் கேள்வி. வேலையைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒயில், பிரேக், சஸ்பென்ஷன், வயரிங், ஏசி எல்லாவற்றுக்கும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கவனம் வேண்டிய இடம் சிவிடி கியர்பொக்ஸ்.

சிவிடிக்குள் பற்சில்லு மாறி மாறி விழுவதில்லை. இரண்டு கூம்புச் சில்லுகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பட்டி உராய்வில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்த உராய்வு சரியாக இருப்பது ஒயிலின் தரத்தில்தான். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டி வழுக்கும், கூம்பில் கீறல் விழும், பிறகு முழு கியர்பொக்ஸும் மாற்ற வேண்டியதுதான். டொயோட்டாவின் பல மொடல்களுக்கு எஃப்.ஈ., ஹொண்டாவுக்கு எச்.சி.எஃப்-2, சுசுகிக்கு கிரீன்-2, நிசானுக்கு என்.எஸ்-3 என்று தனித்தனியாக இருக்கின்றன. மொடலுக்கு மொடல் வேறுபடும், புத்தகத்தையோ டிப் ஸ்டிக்கையோ பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். "எல்லாத்துக்கும் இதுதான் ஊத்துறம், ஒண்டும் நடக்கேல்ல" என்று ஒரு பெரிய பீப்பாவைக் காட்டுபவரிடம் சிவிடியைக் கொடுக்கவே கூடாது. மட்டம் பார்ப்பதும் பல கார்களில் குறிப்பிட்ட சூட்டில்தான். ஸ்கேனரில் ஒயிலின் வெப்பநிலையைப் பார்த்துச் செய்கிறாரா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். தெரியாதவர் கோபப்படுவார்.

அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹைபிரிட் பற்றரி செத்துவிட்டது என்று சொன்னவுடன் காசைக் கட்டாதீர்கள். பின்சீட்டுப் பக்கத்தில் அந்தப் பற்றரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் ஒரு துவாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு விசிறி. கடற்கரை மணல், தூசி, சீட்டுத் துணியின் பஞ்சு எல்லாம் சேர்ந்து அது அடைபட்டால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். துவாரத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பையை வைத்துக்கொண்டு போவதும் இதே வேலையைச் செய்யும். வருடத்துக்கு ஒரு தரம் விசிறியைக் கழற்றித் துப்புரவாக்கினால் போதும். அந்தப் பற்றரி மொடியூல் எனப்படும் சின்னப் பற்றரிகள் பல சேர்ந்தது: அக்வாவில் 20, மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்வார்கள், விலையும் மலிவாக இருக்கும். பழையவற்றோடு அளவு ஒத்துப்போகாத ஒன்றைச் சேர்த்தால் சில மாதங்களில் அடுத்தது விழும். ஒவ்வொரு மொடியூலையும் அளந்து, ஒத்த கொள்ளளவு உள்ளதைத் தேடிப் போடுபவரிடம் மட்டுமே அந்த வழி சரிவரும். அளந்த கணக்கைத் தாளில் கேளுங்கள்.

ஸ்பெயார் பார்ட்ஸில் ஒயில் பில்டர்தான் அதிகம் போலி வருகிற சாமான். பெட்டியின் அழகைப் பார்த்து நம்ப முடியாது. தெரிந்த கடை, பில், பார்ட் நம்பர், அவ்வளவுதான் நம் கையில் இருப்பது. கொம்பனிக்கே செய்து கொடுக்கும் டென்சோ, ஐசின் போன்ற தயாரிப்பாளர்களின் சொந்தப் பெட்டியில் வருவது ஏஜென்ட் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும், வொரண்டி இல்லாத காருக்கு அது நல்ல தெரிவு. ஜப்பானிலிருந்து வரும் பழைய கியர்பொக்ஸ், ஓல்டர்னேட்டர் எடுத்தால் கடைக்காரர் "ஒரு மாசம் செக்கிங்" என்பார். அந்த ஒரு மாதத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

முறைப்பாடு பற்றி. ஏஜென்ட் மறுத்தாலும், கராஜ் கெடுத்தாலும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகலாம், தொலைபேசி 1977. சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது: பொருளை விற்ற அல்லது சேவையைத் தந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள், எழுத்தில். போனில் பேசியது கணக்கில் வராது. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று ஏஜென்ட் மூன்று தரம் சொன்னால் உங்கள் கெடு போய்விடும், ஆகவே பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், கடிதம் மறுபக்கம் போகட்டும். காசு வாங்கிச் செய்யும் சேவையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, அது ஊர்க் கராஜுக்கும் பொருந்தும். மச்சானிடம் இதைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

இன்னொன்று, இதற்கு வொரண்டி இருக்கிறதா இல்லையா என்பதே தேவையில்லை. தகாட்டா என்ற ஜப்பானியக் கொம்பனி செய்த எயார்பேக். உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 கோடி மாற்ற வேண்டி வந்தது, அந்தக் கொம்பனியே 2017இல் வங்குரோத்தானது. எயார்பேக்கை ஊத வைக்கும் குப்பிக்குள் இருந்த அமோனியம் நைத்திரேற்று வருடக்கணக்காகச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் கிடந்தால் கெட்டுவிடும். மோதும்போது அளவுக்கு மிஞ்சி வெடித்து இரும்புத் துண்டுகளை ஓட்டுநரின் முகத்தில் எறியும். சூடும் ஈரமும் என்றால் நம் கரையோரத்தைவிட வேறு எங்கே? 2000களின் தொடக்கத்திலிருந்து 2015 அளவு வரை வந்த டொயோட்டா, ஹொண்டா, நிசான், மஸ்டா எனப் பல மொடல்கள் இதில் அடக்கம். இது தயாரிப்புப் பிழைக்காக கொம்பனி திரும்ப அழைப்பது, கார் எத்தனை கை மாறியிருந்தாலும் குறை குறைதான். பழைய விற்ஸ், பிட், கொரோலா வைத்திருக்கும் யாரும் அந்த பிராண்டின் ஏஜென்டுக்கு செசி நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம். ஜப்பானியக் கொம்பனிகளின் ஜப்பான் இணையப் பக்கத்திலும் செசி நம்பரை அடித்துப் பார்க்கலாம், எழுத்தும் கோடும் இலக்கமுமாக இருக்கும் அந்தக் குறுகிய நம்பரைத்தான் அங்கே கேட்பார்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அக்காவின் வாகன் ஆர் எந்த வருடத்தது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அந்த நம்பரை ஒருக்காப் பார்த்துவிடச் சொல்லுங்கள், சுசுகியும் வேறு வேறு காரணங்களுக்காகத் திரும்ப அழைத்திருக்கிறது.

எலக்ட்ரிக் கார் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இப்போது அதைத்தான் பலர் யோசிக்கிறார்கள் என்பதால் ஒரு வரி. பெரிய பற்றரிக்குப் பல கொம்பனிகள் 8 வருடம் அல்லது 160,000 கி.மீ. என்று சொல்கின்றன. அது அந்தக் கார் எந்த நாட்டுச் சந்தைக்கு விற்கப்பட்டதோ அங்கேதான் பொதுவாகச் செல்லும். உள்ளூர் ஏஜென்ட் கொண்டுவராத காரை விலை குறைவு என்று எடுத்தால், காரின் விலையில் பெரும்பங்கான அந்தப் பற்றரிக்கு இங்கே யார் பொறுப்பு என்று முற்பணம் கட்ட முன்பே எழுத்தில் கேளுங்கள்.